விதையும் விளைநிலமும்

குருதிப் புற்றுநோய் என்றதும் குருதியே கெட்டுவிட்டது என்று எண்ணுகின்றோம். ஆனால் குருதிக் கலங்களின் பிறப்பிடம் எலும்பினுள்ளே அமைந்த மச்சையன்றோ? இவ்வுண்மையை ஜேர்மானிய மருத்துவரான எர்ன்ஸ்ற் நொய்மன் 1868-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். வளர்ந்த ஒருவரின் மச்சையிலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி செங்குருதிக் கலங்கள் பிறக்கின்றன.

இவை யாவும் மூலக்கலங்கள் என்னும் சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே. அக்கூட்டமோ தன்னிச்சையாகப் பெருகுவதன்று. எலும்பை ஆக்கும் கலங்களும், நுண்ணிய குருதிக் குழாய்களும், நரம்பு நுனிகளும் அதனைச் சூழ்ந்திருந்து, எப்போது உறங்குவது, எப்போது பெருகுவது என்று இரசாயனக் குறிப்புகளால் ஏவுகின்றன. மூலக்கலத்துக்கு இவ்வாறான உறைவிடம் ஒன்று உண்டென்ற கருத்தை 1978-இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் றேமண்ட் ஸ்கோபீல்ட்.

அவ்வுறைவிடமே பழுதுற்றால் என்னவாகும்? 2010-இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இதற்கு வியத்தகு விடை தந்தது. சுண்டெலிகளின் எலும்பாக்கும் இளங்கலங்களிலிருந்து மட்டும் 'டைசர்' என்ற பரம்பரையலகை அவர்கள் நீக்கினர்; குருதிக் கலங்களைத் தொடவேயில்லை. ஆயினும் குருதியாக்கம் சீர்குலைந்தது. சில எலிகளுக்கு லூக்கீமியாவும் கண்டது. நலமான எலியின் மச்சையை எடுத்து அவ்வெலிகளுக்கு ஏற்றியபோது, நல்ல கலங்களும் அதே சீர்கேட்டுக்கு ஆளாயின! விதை நன்றாயிருந்தும் நிலம் கெடுத்துவிட்டது.

எலியிற் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிவிடலாகாது. மனிதரில் நோய் பெரும்பாலும் குருதிக் கலத்தின் பரம்பரையலகுப் பிழையிலேயே தொடங்குகிறது. எனினும் தொடங்கிய பின், நோய்க் கலங்கள் மச்சையைத் தமக்கு வாய்ப்பாக மாற்றிக்கொள்கின்றன. நல்ல மூலக்கலங்கள் ஒதுக்குண்டு சோர்கின்றன. நோயாளிக்குச் சோகையும், ஓயாத காய்ச்சலும், குருதிப்பெருக்கும் ஏற்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"குருதியில் நோயில்லை என்றார்களே, மீண்டும் எப்படி வந்தது?" என்று பெற்றோர் கலங்கிக் கேட்பதுண்டு. மச்சையின் ஒதுக்கிடங்களிலே உறங்கும் சில கலங்கள் மருந்துக்குத் தப்பிவிடுகின்றன. பெருகும் கலங்களைத் தாக்கும் மருந்து உறங்குவனவற்றை எளிதில் வீழ்த்துவதில்லை. மச்சையில் ஊறும் ஒருவகைப் புரதம் அவற்றை அங்கேயே ஈர்த்து வைத்திருக்கிறது. அவ்வீர்ப்பைத் தடுக்கும் பிளெரிக்ஸாபோர் என்னும் மருந்து, மூலக்கலங்களைக் குருதியோட்டத்திற்கு வெளிக்கொணர்ந்து சேகரிப்பதற்காக 2008-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதனையே கொண்டு நோய்க் கலங்களையும் மறைவிடத்தினின்று வெளியேற்றி, அதன்பின் மருந்தினால் தாக்கும் முயற்சிகளும் நோயாளரிடையே பரிசோதிக்கப்பட்டுள்ளன.