பழைய இரும்பும் மலையக உழைப்பாளரும்

போர்முனை ஹற்றன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களை எட்டியதில்லை. எனினும், 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறிய தொழிலாளர் பலர் அப்போரின் நடுவே வாழ நேர்ந்தது. 2009இல் போர் முடிந்தபின், அங்கே எஞ்சிய எறிகணை ஓடுகள் வறியோர் நிறுத்து விற்கக்கூடிய பண்டமாயின.

அப்பண்டம் வெடிபொருளற்றது என்பதை உறுதிசெய்வது எவ்வாறு? வெடித்ததுபோல் தோன்றும் ஓட்டினுள்ளும் மருந்து எஞ்சியிருக்கலாம். துருப்பிடித்தமை பாதுகாப்புக்குச் சான்றன்று. எனவே, பயிற்சி பெற்றோர் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்து, வெடிக்கச்செய்யும் முனைப்பகுதி அகற்றப்பட்டுள்ளதா, உட்குழிவு முழுவதும் கண்ணுக்குப் புலனாகின்றதா எனக் காண்பர். ஐயத்துக்குரியவை விலக்கப்பட்டு அழிக்கப்படும். முதலாமவரின் முடிவை மட்டும் நம்பாது, இரண்டாமவரும் சோதித்த பின்னரே சான்றிதழ் வழங்கப்படும். தேறியவை, சோதிக்கப்படாதவற்றுடன் கலவாதவாறு பூட்டி வைக்கப்படும்.

தனித்துச் சேகரிப்பவருக்கோ இரும்பின் நிறைக்கு மட்டுமே விலை கிட்டுகிறது. 2017இல் இலங்கை இணைந்த கண்ணிவெடித் தடை உடன்படிக்கை ஆளெதிர்ப்புக் கண்ணிவெடிகளையே குறிக்கின்றது; எறிகணைகள் அதன் எல்லைக்குள் வருவதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வாபத்தை வெறும் அறியாமையின் விளைவெனக் கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் பெற்ற உழைப்பாளரின் வழிவந்தோர், இன்று இரும்பின் நிறையைக் கூட்ட உயிரைப் பணயம் வைக்க நேர்கின்றது. நிலமும் நிலையான வருவாயும் கிட்டாதவரை எச்சரிக்கைப் பலகைகள் மட்டும் அவர்களைக் காக்கமாட்டா.