பீரங்கிக்குள் ஒரு மின்னல்

ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கியின் பீரங்கி 105 மி.மீ. அதே ஆவடியின் அர்ஜுனுக்கு 120 மி.மீ. கவசம் தடிக்கத் தடிக்க பீரங்கியும் பருத்துக்கொண்டே வந்தது. இன்னும் பருத்தால் குண்டைத் தூக்கிப் போடும் வீரரே திணறிப்போவார். குழாயைப் பெரிதாக்காமல் வேகத்தைக் கூட்ட வழியுண்டா?

உண்டு என்கிறது மின்வெப்ப ஏவுமுறை. அதன் உயிர்நாடி பிளாஸ்மா, அதாவது மின்சாரம் பாயும் அளவுக்குச் சூடேறிய வாயு. அது கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இரும்புத் தகடு வெட்டுவோருக்குப் புதிதல்ல. பட்டறை டார்ச் நூறு ஆம்பியர் அளவில் நின்று நிதானமாக எரியும். பீரங்கியிலோ பல்லாயிரம் ஆம்பியர். சில மில்லி விநாடிகளில் கதை முடிந்துவிடும்.

பிளாஸ்டிக் உள்சுவர் கொண்ட சிறு குழலுக்குள் மெல்லிய உலோகக் கம்பி. கெபாசிட்டர்களில் சேர்த்த மின்சாரத்தைத் திறந்துவிட்டால் கம்பி ஆவியாகி, அந்தப் பாதையில் மின்வில் பற்றிக்கொள்ளும். அதன் சூட்டில் பிளாஸ்டிக் சுவரும் அரிக்கப்பட்டு ஆவியாகி, 10,000 டிகிரிக்கு மேற்பட்ட பிளாஸ்மாவாக உந்துமருந்துக்குள் பாயும்.

குண்டைத் தள்ளுவது இந்த மின்சாரம்தான் என்று நினைத்தால் தவறு. ஒரு கிலோ உந்துமருந்தில் 4 முதல் 5 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது; டாங்கிக் குண்டுக்குப் பல கிலோ மருந்து. மின்சாரத்தின் பங்கு அதில் சிறு துளி. மருந்து எப்படிப் பற்ற வேண்டும் என்று ஆட்டுவிப்பதே அதன் வேலை.

அதில்தான் லாபம். லடாக் குளிரில் மருந்து மெதுவாக எரியும், குண்டின் வேகம் குறையும். ராஜஸ்தான் வெயிலில் வேகமாக எரியும், குழாயில் அழுத்தம் ஏறும். கொதிக்கும் நாளிலும் குழாய் தாங்க வேண்டுமே என்று மருந்தை அளந்தே போடுகிறார்கள். குளிரில் மின்சாரத்தைக் கூட்டி, வெயிலில் குறைத்தால் குழாயைப் பெரிதாக்காமலே எந்த நாளிலும் ஏறத்தாழ வெயில் நாளின் வேகம் கிடைக்கும்.

மின்சாரத்தை அப்படி அளந்து கூட்டிக் குறைக்க, கண்மூடித் திறப்பதற்குள் மறையும் பிளாஸ்மாவை அளக்க வேண்டும். எந்தக் கருவியை உள்ளே நுழைத்தாலும் உருகிவிடும். எனவே அது வீசும் ஒளியைப் பிடித்து நிறமாலையாகப் பிரிக்கிறார்கள். பிளாஸ்டிக்கிலிருந்து பிரிந்த ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் சிவப்புக் கோடு காட்டும். அது எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதிலிருந்து எலக்ட்ரான் அடர்த்தி தெரியும். செம்புக் கம்பியென்றால், அதன் நிறமாலைக் கோடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வெப்பநிலையைக் கணிக்கலாம்.

அமெரிக்கா 2004-இல் எடை குறைந்த சோதனை டாங்கியொன்றில் இம்முறையில் 120 மி.மீ. பீரங்கியைச் சுட்டுப் பார்த்தது. ஆனாலும் எந்த ராணுவமும் இதை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரவில்லை. டாங்கிக்குள் கெபாசிட்டர் கேட்கும் இடமும், அது கூட்டும் எடையும்தான் முட்டுக்கட்டை. பீரங்கியின் அடுத்த பாய்ச்சல் வெடிமருந்துக்காரர் கையில் இல்லை. கெபாசிட்டரைச் சுருக்கும் மின்பொறியாளர் கையில் இருக்கிறது.