வட்டு மாற்றியும் தீராத கோளாறு

சென்ற கோடை விடுமுறையில் வடமாலபேட்டைக்குச் சென்றிருந்தேன். புத்தூரிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் அது. உறவினரைக் கண்டு வரவேண்டும் என்று போனவன், மாமா வீட்டு மாடியறையில் ஓர் இரும்புப் பெட்டியின் முன்னே நான்கு நாள் தவம் கிடந்தேன். அந்தப் பெட்டிதான் வீட்டுச் சர்வர். குடும்பத்தின் திருமணப் படங்கள், நிலப் பத்திரங்களின் நகல்கள், இவற்றோடு என் பாட்டியின் குரலும் அதனுள் இருந்தது.

பாட்டியின் பேச்சைப் பதினொரு மணி நேரம் நான் பதிவு செய்திருந்தேன். தமிழும் தெலுங்கும் ஒன்றோடொன்று பின்னிய எல்லைப்புறப் பேச்சு. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததையும், எங்கள் ஊர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டதையும், அன்று வீட்டில் பெரியவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையும் அதில் சொல்லியிருப்பார். பாட்டி இப்போது இல்லை. பதிவுக்கு வேறு பிரதியும் இல்லை. விஞ்ஞானம் படிக்கும் நான் இதைச் சொல்ல வெட்கப்படத்தான் வேண்டும்.

நடந்தது இதுதான். பெட்டியில் நான்கு ஹார்ட் டிஸ்க்குகள். வட்டு என்றே இனிக் குறிப்பிடுகிறேன். ஒவ்வொன்றும் 4 டெராபைட். அவற்றுள் ஒன்று பழுதாயிற்று என்று பெட்டி அறிவித்தது. மாமா திருப்பதிக்குப் போய்ப் புதிய வட்டு வாங்கி வந்து அதே இடத்தில் பொருத்தினார். மீட்டெழுதும் வேலை தொடங்கி, நூற்றுக்கு 31 பங்கு முடிந்த நிலையில், புதிய வட்டும் பழுதென்று விலக்கப்பட்டது. மாமா பெட்டியை அணைத்துவிட்டார். “இன்னொண்ணு வாங்கிப் போட்டுப் பாத்துடலாமாப்பா?” என்றார் என்னிடம்.

வேண்டாம் என்றேன். ஏன் என்பதற்குச் சற்றுக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பல வட்டுகளை ஒன்றுசேர்த்து ஒரே பெருவட்டுபோல் நடத்தும் முறைக்கு ரெயிட் என்று பெயர். கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரை அப்பெயரைப் பரப்பியது. விலை குறைந்த வட்டுகள் பல சேர்ந்தால் வேகம் கூடும். ஆனால் எண்ணிக்கை கூடக்கூட ஏதேனும் ஒன்று கெடும் வாய்ப்பும் கூடும். ஆகவே கெட்டதை மற்றவற்றிலிருந்து மீட்க ஒரு வழி வேண்டும்.

வழி மிக எளிது. எல்லாச் செய்தியும் 0, 1 என்ற இரண்டு குறிகளே. மூன்று வட்டுகளில் ஓரிடத்தில் 1, 0, 0 என்று இருந்தால், ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி நான்காவதில் 1 எழுதிவைக்க வேண்டும். பிறகு எந்த ஒரு வட்டை நீக்கினாலும், மிஞ்சிய மூன்றையும் எண்ணிப் பார்த்து, விட்டுப்போன குறியைச் சொல்லிவிடலாம். நான்கில் ஒரு பங்கு இடம் இந்தக் காவலுக்கே போய்விடும். எங்கள் பெட்டியில் 16 டெராபைட்டில் பயன்பட்டது 12. (ஒரே வட்டு இச்சுமையைத் தாங்காமல், காவற்குறிகள் நான்கிலும் மாறிமாறி எழுதப்படும். அதை விட்டுவிடுவோம்.)

இப்போது ஆபத்தைக் கவனியுங்கள். ஒரு வட்டு போனபின் காவல் இல்லை. புதியதை நிரப்ப, மிஞ்சிய மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை, 12 டெராபைட்டையும், பிழையின்றிப் படித்தாக வேண்டும். வீட்டு வட்டுகள் பலவற்றுக்கு, 100 லட்சம் கோடி பிட்டுகளுக்கு ஒரு படிப்புப் பிழைக்குமேல் வராது என்பதே செய்தவர்கள் தரும் உறுதி. அது 12.5 டெராபைட். நடைமுறையில் வட்டுகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. என்றாலும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மூவரையும் இரவெல்லாம் ஓடவைப்பது போன்றது அந்த வேலை. காரணம் தெரியாமல் அவர்களை மறுபடி ஓடவிடலாமா?

முதல் வேலை, உள்ளதைப் படி எடுப்பது. அரியலூர் மாவட்டத் திருமழபாடிக் கோயிலின் விமானத்தை இடித்துக் கட்ட முனைந்தபோது, அதிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் செய்தான் இராசராசன். அவை மீண்டும் கல்லில் ஏறியது அவன் மகன் இராசேந்திரன் காலத்தில். ரெயிட் என்பது படி அன்று. தவறிப்போய் ஒரு கோப்பை அழித்தால் நான்கு வட்டுகளும் ஒற்றுமையாக அதை அழித்துவிடும்!

மூன்று வட்டுகளோடு பெட்டியைக் கிளப்பி, எதையும் எழுத விடாமல், படிக்க மட்டும் திறந்து, வெளி வட்டு ஒன்றுக்கு நகலெடுத்தேன். எல்லாம் வந்தன, ஒரு கோப்பு மட்டும் வரவில்லை. பாட்டியின் பதிவுகளுள் ஒன்று பதினான்காம் நிமிடத்தில் நின்றுவிட்டது. எத்தனை முறை முயன்றும் அதே இடம்.

பிறகுதான் காரணம் தேடினேன். ஓடு வேய்ந்தாற்போல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சரியவைத்து எழுதும் வட்டுகள் உண்டு. நெடுநேரம் தொடர்ந்து எழுதினால் அவை திணறும். 2020இல் இது பெரிய சர்ச்சையாயிற்று. புதியது அவ்வகை அன்று. அடுத்து, ஒவ்வொரு வட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பார்த்தேன். அதில் 5ஆம் எண் கைவிட்ட பகுதிகளைச் சொல்லும். 197 படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவற்றைச் சொல்லும். புதிய வட்டில் இரண்டுமே பூஜ்யம். ஆனால் 199ஆம் எண் 412. வட்டிலிருந்து புறப்பட்ட செய்தி வழியில் சிதைந்து போனால் ஏறும் எண் அது. கழற்றிப் போட்ட பழைய வட்டைச் சோதித்தேன், அதிலும் அப்படியே!

வட்டுகள் இரண்டும் குற்றமற்றவை. இரண்டையும் இணைத்த கேபிள் ஒன்றே. பெட்டியின் மூடி அழுத்தி அது மடிந்திருந்தது. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டதும் கோவலனுக்குத் தீர்ப்புக் கூறிய பாண்டியனைப்போல் நாங்களும் விசாரணையின்றித் தண்டித்திருக்கிறோம். நல்லவேளை, இங்கே தண்டனை பெற்றவன் உயிரோடு பழைய சாமான் மூட்டையில் கிடந்தான்.

அவன்தான் பாட்டியைக் காப்பாற்றினான். மிஞ்சிய மூன்று வட்டுகளுள் ஒன்றில் 197ஆம் எண் 8 என்று இருந்தது. பதினான்காம் நிமிடம் சிக்கியது அங்கேதான். மூன்றில் ஒன்று தடுமாறும்போது கணக்கிட வேறு ஆதாரம் இல்லை. பழைய வட்டிலோ அந்த ஆதாரம் இருந்தது. புதிய கேபிளில் அதைப் பொருத்தி, லினக்சின் எம்டிஆடம் கருவியில் ‘ரீ-ஆட்’ என்ற கட்டளையைக் கொடுத்தேன். எந்தப் பகுதியில் எழுத்து நடந்தது என்று அந்த அமைப்பு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. வட்டு வெளியே இருந்த நாளில் மாறிய பகுதிகளை மட்டும் திருத்தி, சில நிமிடங்களில் அதைச் சேர்த்துக்கொண்டது. பதற்றத்தில் சிலர் ‘கிரியேட்’ என்று கட்டளையிடுவர். அது அணியைப் புதிதாக வகுக்கச் சொல்வது. வட்டுகளின் வரிசை ஒன்று பிசகி, அதன்மேல் எழுத்தும் நடந்துவிட்டால், பிறகு அழுதும் பயனில்லை.

நான்கும் கூடியதும் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துச் சரிபார்க்கச் சொன்னேன். படிக்க முடியாத இடத்தை மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு அங்கேயே மீண்டும் எழுதியது. 197 பூஜ்யமாயிற்று. ஆயினும் ஒருமுறை தடுமாறிய வட்டை நம்ப எனக்கு மனமில்லை. அதைக் கழற்றாமல் வைத்துக்கொண்டே, அதன் இடத்துக்குப் புதிய வட்டைத் தயார் செய்ய ‘ரீப்ளேஸ்’ கட்டளை உண்டு. மின்சாரம் போகுமோ என்ற அச்சத்தில் பக்கத்து வீட்டு யு.பி.எஸ்ஸை இரவல் வாங்கி, இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினேன்; விடியும்போது முடிந்திருந்தது.

முதலில் பாட்டியின் பதிவைத்தான் போட்டோம். பதினான்காம் நிமிடத்தில் அவர் யாரையோ, அடுப்பில் பால் பொங்குகிறது பார் என்று தெலுங்கில் அதட்டுகிறார். மாமா இரண்டு முறை திருப்பிப் போடச் சொன்னார். பிறகு மடிந்த கேபிளைக் கத்தரியால் இரண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டார்; இல்லாவிட்டால் யாராவது எடுத்து மறுபடி மாட்டிவிடுவார்களாம்.