பாரிஸ் நகைக்கடையில் முஸ்லிம் கைவினைஞர்களின் சுவடு

பாரிஸ் நகரின் ரூ த லா பே தெருவில் 13ஆம் எண் கட்டடம். 1847இல் தொடங்கிய கார்டியே நிறுவனம் 1899 முதல் இங்குதான் இயங்கி வருகிறது. மன்னர்களும் கோடீஸ்வரர்களும் படியேறிய கடை. அங்கே நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது.

நிறுவனரின் பேரன் லூயி கார்டியே, பாரசீக, முகலாய ஓவியங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் தேடிச் சேகரித்தவர். 1903இல் பாரிஸில் இஸ்லாமியக் கலைக் கண்காட்சி நடந்தது. அதன் பிறகு பள்ளிவாசல் சுவர்களிலும் ஓடுகளிலும் காணும் நட்சத்திரக் கோலங்களும் நீலமும் பச்சையும் கலந்த வண்ணச் சேர்க்கையும் இந்நிறுவனத்தின் நகைகளில் இடம்பெறத் தொடங்கின. அவருடைய தம்பி ஜாக் 1911இல் டில்லி தர்பாருக்கு வந்தார். முகலாயப் பாணியில் பூவும் இலையுமாகச் செதுக்கிய மரகதங்களும் மாணிக்கங்களும் பாரிஸ் சென்று புதிய நகைகளாயின.

1912இல் ஜாக் பஹ்ரைன் சென்றார். முத்துக்காக! அன்று முத்தின் மதிப்பு என்ன தெரியுமா? 1917இல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையையே இரட்டைச் சர முத்து மாலைக்கும் 100 டாலருக்கும் மாற்றிக்கொண்டது இந்நிறுவனம்.

அந்த முத்தை எடுத்தவர் யார்? மூக்கை இடுக்கியால் அடைத்து, காலில் கல்லைக் கட்டிக் கடலில் குதித்த வளைகுடாவின் ஏழை முஸ்லிம். முன்பணம் வாங்கிய கடன் தீராமலேயே பலர் மறைந்தனர். அக்கடன் பிள்ளைகள் மீது இறங்கியதும் உண்டு. ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்து விலை சரிந்தபோது, முதலில் பட்டினி கிடந்ததும் அவர்களே.

இந்நிறுவனம் தன் பழைய நகைகளைத் திரும்ப வாங்கி, பாரம்பரியத் தொகுப்பாகப் பாதுகாக்கிறது. அவற்றில் பல, இஸ்லாமியக் கலையின் தாக்கத்தை விளக்கும் கண்காட்சியாக 2021இல் பாரிஸிலும் 2023இல் அபுதாபி லூவர் அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டன. எங்கிருந்து எடுத்தோம் என்பதை ஒப்புக்கொண்டது பாராட்டுக்குரியது. ஆனால் கல்லைச் செதுக்கியவர், முத்தெடுத்தவர் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியவில்லை.

வளைகுடாவில் வாழும் நம் குடும்பங்கள் இத்தகைய அருங்காட்சியகங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது விலையை மட்டும் சொல்லி வியக்க வேண்டாம். அந்தக் கோலம் எந்தச் சுவரில் பிறந்தது, அந்த முத்துக்காக யார் மூச்சடக்கினார் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.