வாக்கு அண்ணனிடம், சாவி தம்பியிடம்
கனடாவில் பூர்வகுடி ஒப்பந்தங்கள்: எப்படி இயங்குகின்றன?

ஒரு பெரிய வீடு. அதன் அடுப்படியும் உக்கிராணமும் ஒரு குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொந்தம். வெளியூரிலிருந்து வந்த இன்னொரு குடும்பம், நாங்களும் இங்கேயே சமைத்துக்கொள்கிறோம் என்று கேட்கிறது. வீட்டுக்காரர்கள் சம்மதிக்கிறார்கள், நிபந்தனையோடு. எங்கள் அடுப்பு எங்களுடையதாகவே இருக்கும். உக்கிராணத்தில் வரவு கூடினால் எங்களுக்கு அளக்கும் படியும் கூட வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திடுகின்றன. பிறகு வந்த குடும்பத்தின் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கிறார்கள். வீட்டுக்காரர்களோடு பேசும் பொறுப்பு அண்ணனுக்கு, உக்கிராணச் சாவி தம்பிகளுக்கு. அந்தப் பாகப்பிரிவினைக்கு வீட்டுக்காரர்களை யாரும் அழைக்கவில்லை.

கனடாவின் கூட்டாட்சி இப்படித்தான் அமைந்தது. 1867ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 91(24)ஆம் பிரிவு பூர்வகுடிகளையும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களையும் மத்திய அரசின் அதிகாரத்தில் வைத்தது. நிலமும் கனிமமும் 109ஆம் பிரிவின்படி மாகாணங்களுக்குப் போயின. (மேற்கிலுள்ள புல்வெளி மாகாணங்களுக்கு அந்தச் சாவி 1930இல்தான் கிடைத்தது.)

விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1873இல் ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, அனிஷினாபே மக்களோடு மூன்றாம் எண் ஒப்பந்தம் செய்தது. அந்த ஒப்பந்த நிலத்தின் காட்டில் மரம் வெட்ட உரிமம் தருவது யார் என்று ஒட்டாவாவுக்கும் ஒன்டாரியோ மாகாணத்துக்கும் வழக்கு மூண்டது. நிலத்தின் பலன் ஒன்டாரியோவுக்கே என்று 1888இல் லண்டனிலிருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. வாக்குக் கொடுத்தவர் கையில் காடு இல்லை. காடு கிடைத்தவர் வாக்குக் கொடுக்கவில்லை. அனிஷினாபே மக்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை.

படியளந்த கதை இன்னும் கொடுமையானது. 1850ஆம் ஆண்டின் ராபின்சன் ஒப்பந்தங்கள் ஹியூரான், சுப்பீரியர் ஏரிகளின் வடக்கே பரந்த நிலத்தைப் பற்றியவை. அந்த நிலத்தின் வருவாய் உயர்ந்தால், அரசுக்கு நட்டம் வராத அளவில், பூர்வகுடிகளுக்குத் தரும் ஆண்டுத்தொகையும் உயரும் என்று அவற்றிலேயே எழுதியிருக்கிறது. 1875இல் அது தலைக்கு 4 டாலர் ஆனது. அதன்பின் அங்கே மரம் போனது, சட்பரியின் நிக்கல் போனது, படி மட்டும் 4 டாலரிலேயே நின்றது. கேட்கவும் வழியில்லை: உரிமைக் கோரிக்கைக்கு வழக்கறிஞர் வைக்கப் பணம் திரட்டுவதையே 1927 முதல் 1951 வரை சட்டம் தடுத்திருந்தது. ஹியூரான் தரப்புக்கு 2023இல் பழைய பாக்கிக்காக 1,000 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. பாதி ஒட்டாவா, பாதி ஒன்டாரியோ. இது யாருடைய கடன் என்ற கேள்விக்கு இந்தச் சரிபாதியே போதுமான பதில் என்று நினைக்கிறேன். அரசு நெடுங்காலம் நாணயம் தவறி நடந்தது என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

சீர்திருத்தமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1982இல் வந்த 35ஆம் பிரிவு பூர்வகுடிகளின் மரபுரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் அரசியல் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பாகப்பத்திரத்தில் வீட்டுக்காரர்களின் பங்கும் ஏறியது. அது அண்ணனையும் தம்பிகளையும் சேர்த்தே கட்டுகிறது. ஆனால் தகுந்த நியாயம் காட்டினால் மரபுரிமையை அரசு மீறலாம் என்று 1990இல் ஸ்பாரோ வழக்கில் தீர்ப்பானது. உரிமையைப் பாதிக்கக்கூடிய செயலுக்கு முன் கலந்து பேச வேண்டும் என்றது 2004இன் ஹைடா தீர்ப்பு. சம்மதம் எல்லா நேரத்திலும் தேவையில்லை. சட்டம் இயற்றும்போது அந்தக் கடமையும் இல்லை என்று 2018இல் மிகிசூ கிரீ வழக்கில் முடிவானது. அடுப்பு மூட்டும்போது ஒரு வார்த்தை கேட்பார்கள். என்ன சமைப்பது என்று முடிவெடுக்கும்போது கேட்க மாட்டார்கள்.

வேறு மாதிரியும் இயங்க முடியும் என்பதற்கு நிஸ்கா மக்களின் ஒப்பந்தம் சாட்சி. 2000இல் நடைமுறைக்கு வந்த அதில் மூன்று கையெழுத்துகள்: நிஸ்கா தேசம், பிரிட்டிஷ் கொலம்பியா, கனடா. சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் நிலம் அவர்கள் கையில் இருக்கிறது. மொழி, பண்பாடு போன்ற சில துறைகளில் மத்திய, மாகாணச் சட்டங்களோடு முரண்பட்டால் நிஸ்கா சட்டமே நிற்கும். சாவி வைத்திருக்கும் தம்பியும் கையெழுத்துப் போட்டதால், பொறுப்பை மற்றவர் மேல் தள்ளிவிட இடமில்லை.

ஆனால் நிஸ்கா மக்கள் நூறாண்டுக்கும் மேல் போராடி வாங்கியது அது. ஒவ்வொரு தேசமும் அப்படித் தனித்தனியே மன்றாட வேண்டுமா? மத்திய, மாகாண அரசுகளுக்கு அடுத்ததாக அல்ல, அவற்றுக்கு இணையாகப் பூர்வகுடி அரசுகளை மூன்றாவது அடுக்காக அரசியல் சட்டமே ஏற்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. 1992இல் சார்லட்டவுன் உடன்பாடு என்ற அரசியல் சட்டத் திருத்த முயற்சி ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. பொது வாக்கெடுப்பில் தோற்றது. ஒதுக்கு நிலங்களில் வாழ்ந்தவர்களிலும் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. மறுபடி முயன்றால், பொதுவான திருத்த விதிப்படி நாடாளுமன்றமும், மக்கள்தொகையில் பாதியாவது கொண்ட 7 மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும். தங்களைப் பற்றிய திருத்தமானால் பூர்வகுடிப் பிரதிநிதிகளை ஒரு மாநாட்டுக்கு அழைப்பதாக 35.1ஆம் பிரிவு சொல்கிறது. வாக்கு அங்கும் அவர்களுக்கு இல்லை. திருத்த வேண்டிய முதல் விதி அதுவே.