தெளிந்த நீரெல்லாம் குடிநீர் ஆகுமா?

கிணற்று நீர் தெளிவாக இருக்கிறது, வாடையும் இல்லை. அப்படியே குடிக்கலாமா? இந்தக் கேள்விக்குக் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்திலுள்ள வாக்கர்ட்டன் எனும் சிற்றூர் கசப்பான பதிலைத் தந்தது.

ஏறக்குறைய 5,000 பேர் வாழ்ந்த அவ்வூருக்குக் கிணறுகளே குடிநீர் தந்தன. 2000ஆம் ஆண்டு மே மாதம் கனமழை பெய்தது. அருகிலிருந்த பண்ணையில் உரமாகப் போட்ட மாட்டுச் சாணத்திலிருந்து ஈ.கோலை கிருமிகள் ஒரு கிணற்றில் கலந்தன. சுமார் 2,300 பேர் நோயுற்றனர். 7 பேர் மரணமடைந்தனர்.

பண்ணைக்காரர் மீது குற்றமில்லை என்றது விசாரணை ஆணையம். பிறகு தவறு எங்கே?

மண்தான் இயற்கையின் வடிகட்டி. மழைநீர் கனமான மண்ணில் மெதுவாக இறங்கும்போது கிருமிகள் பெரும்பாலும் வழியிலேயே தங்கிவிடும். அந்தக் கிணறோ ஆழமில்லாதது. மேலிருந்த மண்ணும் குறைவு, கீழே வெடிப்புள்ள பாறை. சுற்றியுள்ள நிலத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது நல்லது என்று 1978இல் கிணறு அமைத்தபோதே ஆலோசனை கூறப்பட்டது. யாரும் செயல்படுத்தவில்லை. குளோரின் அளவும் முறையாகச் சோதிக்கப்படவில்லை. நீர் கெட்டுவிட்டதென ஆய்வுக்கூடம் மே 17ஆம் தேதியே தெரிவித்தும், கொதிக்க வைத்துக் குடிக்கும்படி மக்களுக்கு அறிவிப்பு வந்தது 21ஆம் தேதிதான்!

பாடம் கற்ற ஒண்டாரியோ 2006இல் தூய நீர்ச் சட்டம் இயற்றியது. பொதுக் கிணற்றைச் சுற்றி 100 மீட்டர் முதல் பாதுகாப்பு வட்டம். அதற்கப்பால், நிலத்தடி நீர் கிணற்றை வந்தடைய 2, 5, 25 ஆண்டுகள் பிடிக்கும் தொலைவுகளைக் கணக்கிட்டு மற்ற வட்டங்கள். கிருமிகள் நாளடைவில் மடியும். சில இரசாயனங்கள் பல ஆண்டுகள் ஆனாலும் அழியாமல் நகர்ந்து வரும் என்பதே காரணம்.

இது எங்கோ நடந்த கதையென்று ஒதுக்கிவிட முடியாது. மலேசியாவில் நிலத்தடி நீரை அதிகம் நம்பியிருக்கும் மாநிலம் கிளந்தான். 2014 டிசம்பரில் அங்கு ஏற்பட்ட பெருவெள்ளத்தில் பல கிணறுகள் மூழ்கின.

கிணறு வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை சில. சுற்றுச்சுவரும் மூடியும் விரிசலின்றி இருக்கட்டும். மலக்குழி, மாட்டுக்கொட்டகை, பூச்சிமருந்து, பழைய இயந்திர எண்ணெய் ஆகியவை கிணற்றை விட்டுத் தள்ளியே இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை நீரைச் சோதிக்கக் கொடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய கிணற்றைச் சுத்தம் செய்து, கிருமி நீக்கி, சோதித்த பின்னரே பயன்படுத்துங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். எண்ணெயும் மருந்தும் போகா.

கிணறு ஒரு வீட்டுக்குச் சொந்தமாக இருக்கலாம். அடியில் ஊறும் நீர் ஊருக்கே பொது.