விமானத்தின் இரைச்சலைக் குறைக்கலாமா?

மட்டாஞ்சேரி கொச்சியின் பழைய வணிகப் பகுதி. மிளகும் சுக்கும் மணக்கும் தெருக்கள் அங்கே உண்டு. எதிரே, காயலுக்கு நடுவில், வில்லிங்டன் தீவு இருக்கிறது. துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு அது.

1999 வரை பயணிகள் விமானங்கள் இந்தத் தீவிலிருந்துதான் கிளம்பின. அந்த இரைச்சல் தண்ணீரைத் தாண்டி வரும். தூங்கும் குழந்தை திடுக்கிட்டு விழிக்கும். பேச்சு பாதியில் நிற்கும்.

1999இல் நெடும்பாசேரியில் புதிய விமான நிலையம் திறந்தார்கள். பயணிகள் விமானங்கள் அங்கே போயின. தீவில் இருப்பது கடற்படையின் விமானத் தளம். அப்படியானால் இரைச்சல் ஒழிந்ததா? இல்லை, இடம்தான் மாறியது. நெடும்பாசேரியைச் சுற்றியும் வீடுகள் உண்டு. அங்கும் குழந்தைகள் தூங்க வேண்டும்.

விமானம் கிளம்பும்போது எஞ்சின் முழு வேகத்தில் ஓடும். விமானமும் தரைக்கு அருகில் இருக்கும். அதனால்தான் காது அடைக்கிறது. மேலே போகப் போக ஓசை குறையும்.

ஒவ்வொரு பெரிய விமானத்திலும் ஒரு பதிவுப் பெட்டி உண்டு. கறுப்புப் பெட்டி என்பார்கள். அதன் நிறமோ ஆரஞ்சு! எவ்வளவு உயரம், என்ன வேகம், எஞ்சின் எவ்வளவு விசையோடு ஓடியது என்று அது நொடிக்கு நொடி பதிகிறது. விபத்து நடந்தால் மட்டும் பயன்படுவதல்ல இந்தக் கணக்கு.

தரையில் ஓசையை அளக்கும் கருவியை வைக்கலாம். ஓசையின் அளவு டெசிபெல். 10 டெசிபெல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். கருவி காட்டும் நேரத்தையும் விமானத்தின் பதிவையும் பொருத்திப் பார்க்க வேண்டும். எந்த விமானம், எந்த உயரத்தில், யார் வீட்டுக்கு மேல் இரைந்தது என்று தெரிந்துவிடும்.

பிறகு விமானி ஏறும் முறையை மாற்றலாம். இதற்கு உலக அளவில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், 800 அடிக்கு மேல் போனதும் எஞ்சினின் விசையைக் குறைப்பார்கள். வேகத்தைக் கூட்டாமல் 3,000 அடி வரை ஏறுவார்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு இது நல்லது. மற்றதில், முன்னதாகவே வேகத்தைக் கூட்டுவார்கள். சற்றுத் தொலைவில் உள்ளவர்களுக்கு அது நல்லது. இரண்டு பேருக்கும் ஒரே முறை ஒத்துவராது. சிக்கல் இங்கேதான்! எங்கே வீடுகள் நெருக்கம் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊர்க்காரர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. "சத்தம் தாங்க முடியவில்லை" என்று மட்டும் மனுவில் எழுதினால் போதாது. தேதி, மணி, இடம் மூன்றையும் குறித்து எழுத வேண்டும். அந்த நேரத்தில் கிளம்பிய விமானம் எது என்று பதிவிலிருந்து தேடி எடுக்கலாம்.